ஹார்பிஞ்சர் — ஒரு சொல்லின் வரலாறு

(இளங்கலை ஆங்கில இலக்கியம், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

ஒரு சொல்லால் எனக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று. போன மதிப்பெண்ணைத் தேடிச் சென்றபோது கிடைத்த செய்திகளே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகம் எங்களுக்குப் பாடமாக இருந்தது. உள்மதிப்பீட்டுத் தேர்வில், முதல் அங்கம் நான்காம் காட்சியில் மெக்பெத் தன் மன்னனிடம் கூறும் கூற்று ஒன்றை விளக்குமாறு கேட்டிருந்தார்கள். அக்கூற்றின் நடுவே 'ஹார்பிஞ்சர்' என்னும் சொல் வருகிறது. நான் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவன். இச்சொல்லை ஆங்கிலச் செய்தித்தாளில் இரண்டொரு முறை பார்த்திருந்தேன். அழிவு, பஞ்சம், போர் ஆகிய சொற்களின் பக்கத்தில்தான் பார்த்திருந்தேன். ஆகவே, "நானே தீய சகுனமாக முன்னே செல்வேன் என்று மெக்பெத் தன் உள்ளக் கருத்தைத் தன்னை அறியாமலே வெளியிடுகிறான்" என்று எழுதினேன். நுட்பமான விளக்கம் எழுதிவிட்டதாக மகிழ்ந்தும் போனேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: "கொல்லப் போகிறவன் மன்னனிடமே அதைச் சொல்வானா?"

மறுநாள் வகுப்பில் பேராசிரியர் என் பெயரைச் சொல்லாமல் அந்த விடையைப் பற்றிப் பேசினார். "பேருந்து நிலையத்துக்குள் வண்டி நுழையும்போதே உங்களில் ஒருவன் ஓடிப்போய்ச் சன்னல் வழியாகத் துண்டு போடுகிறானே, அவன் யார்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. "அவன்தான் ஹார்பிஞ்சர். பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் போய் இடம் பிடித்து வைப்பவன். மெக்பெத் சொல்வதும் அதைத்தான். மற்றதை நூலகத்தில் போய்ப் பாருங்கள்" என்றார்.

போய்ப் பார்த்தேன். அங்கே நான் அறிந்துகொண்டவற்றை உடன் பயிலும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சொல்லின் வேர்

இன்றைய அகராதிகள் இச்சொல்லுக்கு முன்னோடி, முன்னறிவிப்போன், முன்னறிகுறி எனப் பொருள் தருகின்றன. ஆனால் இச்சொல் பிறந்த இடத்தில் ஓட்டமும் இல்லை, அறிவிப்பும் இல்லை. அங்கே இருந்தது ஒரு கூரை.

பழைய ஜெர்மானிய மொழிகளில் 'ஹெரிபெர்கா' என்றொரு கூட்டுச்சொல் இருந்தது. 'ஹெரி' என்றால் படை. 'பெர்கா' என்பது காத்தல், மறைத்துப் பாதுகாத்தல் என்னும் பொருளுடைய வினையின் அடியாகப் பிறந்தது, காப்பிடம் எனலாம். இரண்டும் சேர்ந்து, படை தங்கும் காப்பிடம் என்றாயிற்று. இதற்கு நேரான தமிழ்ச்சொல்லைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. பாசறை என்கிறோம், படைவீடு என்றும் சொல்கிறோம். படைவீடு என்னும் நம் சொல்லும் ஹெரிபெர்கா என்னும் அவர்கள் சொல்லும் உறவில்லாத இரண்டு மொழிகளில் ஒரே முறையில் அமைந்திருப்பது வியப்பளிக்கிறது. படைவீடு என்பது போர்க்களத்தை விட்டு முருகன் உறையும் தலங்களுக்கு வழங்கலானது போலவே, ஹெரிபெர்காவும் போரை விட்டு வெளியே வந்தது. படை தங்கும் இடம் என்ற பொருள் விரிந்து, வழிப்போக்கர் யாரும் தங்கும் இடம் என்றாயிற்று.

ஜெர்மானிய இனத்தவரான பிராங்குகளின் மொழியிலிருந்து இச்சொல் பிரெஞ்சு மொழிக்குச் சென்றது. பழைய பிரெஞ்சில் 'ஹெர்பெர்ஜ்' என்றால் தங்குமிடம். தங்க இடம் கொடுப்பவன் 'ஹெர்பெர்ஜூர்'. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், ஏராளமான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. அவ்வாறு வந்தவற்றுள் இதுவும் ஒன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இதன் பொருள், விருந்தினருக்கு இடம் தருபவன், விடுதி நடத்துபவன் என்பதே. எனவே இச்சொல்லின் முதற்பொருள் முன்னோடி அன்று, விருந்தோம்புவோன் என்பதேயாம்.

உடன்பிறந்த சொற்கள்

ஒரு சொல்லைத் தனியே அறிவதைவிட அதன் சுற்றத்தோடு அறிவது நன்று. ஹெரிபெர்காவின் சுற்றம் பெரியது.

நாம் நன்கறிந்த 'ஹார்பர்' என்னும் ஆங்கிலச்சொல் இதன் உடன்பிறப்பே. இன்று அதற்குத் துறைமுகம் என்று பொருள் கொள்கிறோம். முதலில் அது கப்பலுக்கு உரியதாக இல்லை. மனிதன் தங்கும் எந்த இடத்தையும் குறித்தது. பிறகே கப்பல் தங்கும் இடமாயிற்று. குற்றவாளிக்குப் புகலிடம் கொடுப்பதையும், நெஞ்சில் வன்மத்தை வைத்துக்கொண்டிருப்பதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லை வினையாக்கிக் கூறுவர். வன்மமும் ஒரு விருந்தாளிதான். நாம் இடம் கொடுத்தால்தானே அது தங்கும்!

பிரெஞ்சில் 'ஓபெர்ஜ்', இத்தாலியத்தில் 'அல்பெர்கோ', ஸ்பானியத்தில் 'அல்பெர்கே' ஆகிய சொற்கள் எல்லாம் இதே வேரிலிருந்து வந்து, விடுதி அல்லது தங்குமிடம் என்று பொருள் தருவன. ஜெர்மன் மொழியில் 'ஹெர்பெர்கே' என்றால் இன்றும் தங்கும் விடுதியே. ரிச்சர்ட் ஷிர்மான் என்னும் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் 1909-இல் தம் மாணவர்களோடு நடைப்பயணம் சென்றபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி இரவைக் கழித்தார்கள். இப்படி நடந்து செல்லும் இளைஞருக்கு ஊர்தோறும் ஒரு தங்குமிடம் இருந்தால் என்ன என்று அன்று அவருக்குத் தோன்றிற்று. 1912-இல் ஆல்டெனா என்னும் ஊரின் கோட்டையில் உலகின் முதல் நிலையான இளைஞர் விடுதி திறக்கப்பட்டது. அதற்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் பெயர் 'யூகென்ட்ஹெர்பெர்கே'. படைவீரர் தங்கிய இடத்தின் பெயர் மாணவர் தங்கும் இடத்திற்கு வந்து சேர்ந்துவிட்டது.

'ஹெரி' என்னும் முதற்பாதிக்கும் உறவினர் உண்டு. அரசவை அறிவிப்பாளனைக் குறிக்கும் 'ஹெரால்டு' என்னும் சொல்லிலும், சூறையாடுதலைக் குறிக்கும் 'ஹேரி' என்னும் பழைய வினையிலும், ஹெரால்டு, வால்டர், ஹெர்பெர்ட் முதலிய ஆட்பெயர்களிலும் இந்தப் 'படை' ஒளிந்திருக்கிறது. ஒரே அடியிலிருந்து சூறையாடுதலும் பிறந்திருக்கிறது, அடைக்கலமும் பிறந்திருக்கிறது. இதனை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரையின் பிற்பகுதியில் இதற்கு வேலை இருக்கிறது.

நடுவே புகுந்த எழுத்து

பழைய வடிவத்தில் இல்லாத 'என்' என்னும் மெல்லின எழுத்து இச்சொல்லின் நடுவே எப்படி வந்தது? இதற்கு இலக்கண விதி ஏதும் இல்லை. நாக்கின் வசதியே விதி. 'மெசேஜ்' என்ற சொல்லில் அவ்வெழுத்து இல்லை. அதைக் கொண்டு செல்பவன் மட்டும் 'மெசஞ்சர்' ஆகிறான். 'பேசேஜ்' என்பதில் இல்லை. 'பாசஞ்சர்' என்பதில் இருக்கிறது. 'ஸ்கேவஞ்சர்' என்னும் சொல்லும், 'நைட்டிங்கேல்' என்னும் பறவையின் பெயரும் இப்படியே இடையில் ஒரு மெல்லொலியை ஏற்றுக்கொண்டன. பதினைந்தாம் நூற்றாண்டளவில் ஹார்பிஞ்சரும் அக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. அறிஞர் யாரும் கூடி முடிவு செய்யாமலே, பேசுகிறவர்களின் வாயில் மொழி மாறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

அரசனுக்கு முன்னே

விருந்தோம்புபவன் எவ்வாறு முன்னே செல்பவன் ஆனான்? இந்த மாற்றத்தை விளக்குவது அக்கால அரசர்களின் வாழ்க்கை முறை.

இடைக்கால ஐரோப்பாவில் அரசன் ஓரிடத்திலேயே அமர்ந்து ஆண்டவன் அல்லன். ஊர் ஊராகச் சென்றுகொண்டே இருப்பான். அவனோடு அமைச்சரும் எழுத்தரும் சமையற்காரரும் குதிரைக்காரரும் பெட்டி படுக்கைகளும் செல்லும். சிறிய ஊர் ஒன்றில் மாலையில் இவ்வளவு பேரும் திடீரென்று வந்து இறங்கினால் என்ன ஆகும்? ஆதலால் ஒருநாள் முன்னதாகவே சிலர் அவ்வூருக்குச் செல்வர். எந்த வீட்டில் யார் தங்குவது, எந்தத் தொழுவத்தில் எத்தனை குதிரை கட்டுவது என்றெல்லாம் முடிவு செய்து வைப்பர். இடம் கொடுப்பவனுக்கு இருந்த பெயர், இடம் ஏற்பாடு செய்ய முன்னே செல்பவனுக்கு வந்தது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் இப்பொருள் நன்கு வேரூன்றிவிட்டது.

சாசரின் 'கேண்டர்பரிக் கதை'களில், வழக்கறிஞர் கூறும் கதையில் இதனைக் காணலாம். அல்லா என்னும் மன்னன் உரோமுக்கு யாத்திரையாக வருகிறான். அவன் வருகை நகரெங்கும் பரவியது எப்படி? அவனுக்கு முன்னே வந்த இடம் அமைப்போர் வாயிலாகத்தான். கட்டியம் கூறுவது அவர்கள் வேலை அன்று. ஆனால் அவர்கள் வந்து வீடு பார்க்கிறார்கள் என்றாலே அரசன் வரப்போகிறான் என்று ஊர் புரிந்துகொள்ளும் அன்றோ? பொருள் மாற்றம் நிகழ்ந்த இடம் இதுதான் என்று கருதுகிறேன். செய்தி சொல்ல வராதவனே செய்தி ஆகிவிட்டான்.

1558 முதல் 1603 வரை ஆண்ட முதலாம் எலிசபெத் அரசி கோடைதோறும் நாட்டைச் சுற்றி வருவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். அப்பயணங்களுக்கும் இவ்வலுவலர் இன்றியமையாதவராயினர். 'நைட் ஹார்பிஞ்சர்' என்னும் பதவி ஆங்கில அரண்மனையில் 1846 வரை இருந்தது. இருப்புப்பாதைகள் வந்துவிட்ட காலத்தில்தான் அது மறைந்தது.

சுண்ணக்கட்டியும் கதவும்

இவ்வலுவலரின் கருவி வாளன்று, ஒரு சுண்ணக்கட்டி. நாம் சாக்பீஸ் என்கிறோமே, அதுவே. ஒதுக்கப்பட்ட வீட்டின் கதவில் அதனால் ஓர் அடையாளம் இடுவர். அதைக் கண்டால் பின்னால் வருவோர் தத்தம் இடத்தை அறிவர்.

பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லஸ் 1494-இல் இத்தாலியின் மீது படையெடுத்தான். எதிர்ப்பு ஏறக்குறைய இல்லாமலே நேப்பிள்ஸ் வரை சென்றுவிட்டான். படை செய்த வேலையெல்லாம், தங்க வேண்டிய வீடுகளில் சுண்ணக்கட்டியால் குறியிட்டதுதான் என்று போப் ஆறாம் அலெக்சாண்டர் எள்ளி நகையாடினாராம். மாக்கியவெல்லியும் தமது 'அரசன்' என்னும் நூலில், சார்லஸ் இத்தாலியைச் சுண்ணக்கட்டியால் பிடித்தான் என்று மனம் நொந்து எழுதினார்.

அதே நகைமொழியை ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் 1620-இல் வெளிவந்த 'நோவம் ஆர்கனம்' என்னும் நூலில் வேறொரு நோக்கில் எடுத்தாண்டார். தம் புதிய அறிவுமுறை வாதப்போர் செய்து மனங்களை உடைத்துக்கொண்டு நுழைய வேண்டாம். பிரெஞ்சுக்காரரைப் போலச் சுண்ணக்கட்டியோடு வந்து, தனக்கு இடம் தரக்கூடிய மனங்களில் அமைதியாகக் குடியேறட்டும் என்பது அவர் கருத்து. எள்ளலாகப் பிறந்த ஓர் உவமையை, அறிவு பரவும் முறைக்கே உவமையாக்கிவிட்டார் பேக்கன்.

ஆனால் கதவுக்கு உரியவன் இதை எப்படிப் பார்த்திருப்பான்? அரசனுக்கு வசதியான குறி, வீட்டுக்காரனுக்குத் தொல்லையின் குறி அல்லவா? குறி இட்டபின் மறுக்கும் துணிவு யாருக்கு வரும்? ஒருவருக்கு வந்தது. 1683-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் வின்செஸ்டர் நகருக்குச் சென்றபோது, அவருடைய காதலியும் நடிகையுமான நெல் குவின் தங்குவதற்கென்று, தாமஸ் கென் என்னும் குருவின் வீட்டை ஹார்பிஞ்சர் குறித்துவிட்டார். கென் மறுத்துவிட்டார். மன்னரின் சினத்துக்கு ஆளாவார் என்றே எல்லாரும் எண்ணியிருப்பர். ஆனால் அடுத்த ஆண்டு பாத்-வெல்ஸ் ஆயர் பதவி காலியானபோது, அந்த ஏழைப் பெண்ணுக்கு இடம் தர மறுத்த மனிதருக்கே அது உரியது என்று மன்னர் கூறியதாக வரலாறு சொல்கிறது. 1685-இல் மன்னர் இறக்கும் தறுவாயில் அருகிலிருந்து ஆறுதல் கூறியவர்களுள் கென்னும் ஒருவர்.

நரையும் ஒரு குறி

இந்தக் கதவுக் குறியை நெஞ்சைத் தொடும் கவிதை ஆக்கியவர் ஜார்ஜ் ஹெர்பெர்ட். (அவர் பெயரிலேயே 'ஹெரி' இருப்பதை நண்பர்கள் கவனிக்க.) நாற்பது வயது நிறையுமுன்பே 1633-இல் மறைந்த கவிஞர் அவர். அதே ஆண்டில் வெளிவந்த 'தி டெம்பிள்' என்னும் தொகுப்பில் 'முன்னோடிகள்' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு கவிதை உள்ளது. தன் தலையில் தோன்றிய வெண்மயிரைக் காண்கிறார் கவிஞர். அரசனின் ஆட்கள் கதவில் இட்ட வெள்ளைக் குறியாக அது அவருக்குத் தோன்றுகிறது. யாரோ வரப்போகிறார், இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். தலைக்குள் இத்தனை காலம் குடியிருந்த அழகிய சொற்களும் கற்பனைகளும் வெளியேற்றப்படுமோ என்று கலங்குகிறார். பிறகு, இறைவனைத் தன்னவன் என்று சொல்லும் ஒரு சொல் மட்டும் எஞ்சினால் போதும் என்று தேறுகிறார்.

இதைப் படித்தபோது எனக்குக் கம்பர் நினைவுக்கு வந்தார். அயோத்தியா காண்டத்து மந்திரப் படலத்தில், தயரதனின் காதருகே தோன்றிய நரைமயிர், அரசை மகனிடம் கொடுத்துவிட்டுத் தவம் செய்யப் போ என்று செவியில் சொல்ல வந்ததுபோல் இருந்ததாக அவர் பாடுகிறார். கம்பரின் நரை காதில் பேசுகிறது. ஹெர்பெர்ட்டின் நரை கதவில் எழுதுகிறது. வருவது இன்னதென்பதை அறிவிப்பதில் இரண்டும் ஒன்றே.

மெக்பெத்தின் சொல்

இனி எனக்கு இரண்டு மதிப்பெண் இழப்பை உண்டாக்கிய இடத்துக்கு வருவோம்.

போரில் வென்று வந்த மெக்பெத்தைப் பாராட்டிய டங்கன் மன்னன், இன்வெர்னஸில் உள்ள அவன் கோட்டைக்கு விருந்தாளியாக வருவதாகக் கூறுகிறான். உடனே மெக்பெத், தங்கள் வருகைக்கு நானே ஹார்பிஞ்சராக முன்னே சென்று, என் மனைவிக்கு இம்மகிழ்ச்சியான செய்தியைத் தெரிவிக்கிறேன் என்கிறான். பெரும்படைத் தலைவன் ஒருவன், ஓர் அரண்மனைப் பணியாளன் செய்யும் வேலையைத் தானே செய்கிறேன் என்கிறான். பணிவின் உச்சம் இது. சபையிலிருந்த அனைவரும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். அவன் சொன்ன சொல்லில் தீமையின் சாயல் சிறிதும் இல்லை. என் விடை தவறானது இதனால்தான்.

ஆனால் நாடகத்தை அறிந்த நமக்கு உடல் சிலிர்க்கிறது. ஹார்பிஞ்சரின் வேலை தலைவன் உறங்குவதற்குப் பாதுகாப்பான இடம் அமைப்பது. மெக்பெத் அமைத்த படுக்கையிலேதான் டங்கன் கொல்லப்படுகிறான். ஏழாம் காட்சியில் மெக்பெத்தே இதை எண்ணித் தவிக்கிறான்: விருந்தளிப்பவனாகிய நான், கொலைகாரன் நுழையாதபடி கதவை அடைக்க வேண்டியவன், நானே கத்தியை ஏந்தலாமா என்று. 'பெர்கா' என்றால் காத்தல் என்று முன்னர்க் கண்டோம். அந்தச் சொல்லின் வேரையே மெக்பெத் வெட்டிவிடுகிறான். ஷேக்ஸ்பியர் இவ்வேர்ச்சொல்லை அறிந்திருந்தாரா என்பது நமக்கு வேண்டியதில்லை. இடம் கொடுப்பவன் காவலன் என்னும் அறத்தை அவர் அறிந்திருந்தார், அது போதும்.

ஐந்தாம் அங்கம் ஆறாம் காட்சியில் இதே சொல் மீண்டும் வருகிறது. மெக்பெத்தை எதிர்த்து வந்திருக்கும் மெக்டஃப், எக்காளங்களை முழக்கச் சொல்கிறான். குருதிக்கும் சாவுக்கும் அவை ஹார்பிஞ்சர்கள் என்கிறான். முதல் அங்கத்தில் ஆளைக் குறித்த சொல், கடைசி அங்கத்தில் அறிகுறியைக் குறிக்கிறது. அன்று இடம் பார்க்கப் போனவனிடமே இன்று சாவு ஆளனுப்புகிறது. நாடகத்தின் இந்த இரண்டு இடங்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். அச்சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் ஒருங்கே விளங்கிவிடும்.

ஆக, என் விடையில் இருந்த பிழை, ஐந்தாம் அங்கத்துப் பொருளை முதல் அங்கத்தில் ஏற்றியதே.

இன்றைய வழக்கு

அரசர் பயணங்கள் ஓய்ந்தபின் சொல்லின் நேர்ப்பொருள் மறைந்தது. அறிகுறி என்னும் பொருளே எஞ்சியது. அதில் நல்லதும் உண்டு. 'நடுவேனிற் கனவு' நாடகத்தில் வைகறைக்குக் கட்டியம் கூறும் விடிவெள்ளியை ஷேக்ஸ்பியர் இச்சொல்லாலேயே சுட்டுகிறார். மில்டனும் மே மாதக் காலையைப் பற்றிய தம் பாடலில் விடிவெள்ளிக்கே இப்பெயரைத் தருகிறார். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், குளிர் நீங்குமுன்பே பூக்கும் சிறிய வெண்மலர்ச்செடி ஒன்றுக்கு 'வசந்தத்தின் ஹார்பிஞ்சர்' என்றே பெயர். ஆயினும் நாளிதழ் வழக்கில் இச்சொல் பெரும்பாலும் கேட்டின் பக்கமே சாய்கிறது. அதற்குக் காரணம், அரண்மனையிலிருந்து பார்த்தவர்களைவிட, குறி விழுந்த கதவுக்குப் பின்னால் இருந்து பார்த்தவர்களே மிகுதி என்பதாக இருக்கலாம். இது என் எண்ணம் மட்டுமே. பேராசிரியர்கள் பிழையிருப்பின் திருத்துக.

தமிழில் இதனை எப்படிப் பெயர்ப்பது? தூதுவன் செய்தியைக் கொண்டு செல்பவன். கட்டியக்காரன் பெருமையை உரைப்பவன். முன்னோடி முன்னே ஓடுபவன். முன்னோடி என்ற சொல், ஆங்கிலத்தில் அதே முறையில் அமைந்த 'ஃபோர்ரன்னர்' என்பதற்கு மிகப் பொருந்தும். ஆனால் ஓடுகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹார்பிஞ்சரோ பின்னால் வருகிறவனை நினைத்தே முன்னால் செல்கிறவன். வருகிறவன் இல்லையென்றால் அவன் பயணத்துக்கே பொருளில்லை. பேராசிரியர் சொன்ன 'இடம் பிடித்து வைப்பவன்' என்பதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

முடிவுரை

இந்தச் சொல்லைப் பற்றி இவ்வளவு தூரம் தேடியதற்கு அந்த இரண்டு மதிப்பெண் மட்டும் காரணம் அன்று.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். சேர்க்கை முடிந்து, தகரப் பெட்டியும் பாயுமாக விடுதிக்கு வந்த அன்று மாலை இந்நகரில் எனக்கு யாரையும் தெரியாது. பக்கத்து ஊரைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் அப்போது மூன்றாம் ஆண்டில் இருந்தார். என் தந்தை அவர் வீட்டில் சொல்லி வைத்திருந்தார் போலும். விடுதிக் காப்பாளரிடம் பேசி, தம் அறையிலேயே எனக்கு ஓரிடம் வாங்கி வைத்திருந்தார். எங்கள் விடுதி அறைக் கதவுகளில் தங்கியிருப்போர் பெயரைச் சாக்பீஸால் எழுதி வைப்பது வழக்கம். பெட்டியோடு நான் போய் நின்றபோது, அந்தக் கதவில் மூன்று பெயருக்குக் கீழே நான்காவதாக என் பெயர் இருந்தது. நான் வருமுன்பே நான் அங்கே இருந்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று பேருந்தில் எண்ணிக்கொண்டு வந்தவன், அந்த எழுத்தைப் பார்த்த பிறகு அப்படி எண்ணவில்லை.

அந்த அண்ணன் படிப்பை முடிக்கவில்லை. அவ்வாண்டு தை மாதத்தில் அவர் தந்தை நோயில் விழுந்தார். குடும்பத்தைப் பார்க்க அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஹார்பிஞ்சர் என்ற சொல்லுக்கு முன்னறிகுறி என்று மட்டும் அகராதியில் பார்த்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் எதற்கும் அறிகுறி அல்லர். எனக்கு இடம் அமைத்துக் கொடுத்தவர். தமக்கென்று பிடித்த இடத்தில் தாமே இருக்க முடியாமல் போனவர்.

வருகிற ஏப்ரலில் என் படிப்பு முடிகிறது. எங்கள் ஊரிலிருந்து ஒரு தம்பி இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறான். இங்கே விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறேன். பேக்கன் சொன்ன சுண்ணக்கட்டி நம் கல்லூரியில் ஒவ்வொரு வகுப்பிலும் பேராசிரியர்கள் கையில் இருக்கிறது. விடுதியில் எங்கள் கையிலும் ஒரு துண்டு உண்டு. அறையைக் காலி செய்யும் நாளில் கதவிலுள்ள என் பெயரை நானே அழித்துவிட்டு, காப்பாளர் இசைந்தால், அந்த இடத்தில் அவன் பெயரை எழுதிவிட்டுப் போவேன்.